பொய் அழைப்பில் போன உயிர்: பழி யார் மேல்?

2017 டிசம்பர் 28 மாலை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம், விச்சிட்டா நகரம். வீட்டுக்கு வெளியே வெளிச்சம் தெரிந்ததால் ஆண்ட்ரூ ஃபிஞ்ச் என்ற 28 வயது இளைஞர் வாசல் கதவைத் திறந்தார். தெருவின் எதிர்ப்பக்கத்திலும் வீட்டைச் சுற்றியும் போலீஸார் துப்பாக்கிகளுடன் நின்றிருந்தார்கள். கையைத் தூக்கும்படி கத்தினார்கள். என்ன ஏது என்று அவருக்குப் புரிவதற்குள், சில நொடிகளில், ஒரு காவலர் சுட்டார். ஒரே ஒரு குண்டு. இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையான ஃபிஞ்ச் பிழைக்கவில்லை. அவர் கையில் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை.

அவரைச் சாகடித்த சண்டையில் அவருக்குப் பங்கே கிடையாது. 'கால் ஆஃப் டூட்டி' என்ற இணைய விளையாட்டில் இரண்டு இளைஞர்களுக்குள் ஒன்றரை டாலர் பந்தயத்தை ஒட்டித் தகராறு. ஒருவர் ஒஹாயோவில் இருந்தார், மற்றவர் விச்சிட்டாவில். ஒஹாயோக்காரர், மற்றவர் வீட்டுக்குப் போலீஸை அனுப்பும்படி லாஸ் ஏஞ்சலஸில் இருந்த டைலர் பாரிஸ் என்பவரை நாடினார். விச்சிட்டாக்காரரோ 'முடிந்தால் செய்து பார்' என்று சீண்டி, தான் முன்பு குடியிருந்த வீட்டின் முகவரியைக் கொடுத்தார். அந்த வீட்டில்தான் இப்போது ஃபிஞ்ச் குடும்பம் இருந்தது.

பாரிஸ் விச்சிட்டாவுக்குப் போன் போட்டார். அப்பாவைத் தலையில் சுட்டுவிட்டதாகவும், அம்மாவையும் உடன்பிறப்பையும் துப்பாக்கி முனையில் பிடித்து வைத்திருப்பதாகவும், வீட்டில் பெட்ரோல் ஊற்றியிருப்பதாகவும் சொன்னார். எல்லாம் பொய்.

இப்படிப் பொய் சொல்லி இன்னொருவர் வீட்டுக்கு ஆயுதப் போலீஸை வரவழைப்பதை அமெரிக்காவில் 'ஸ்வாட்டிங்' என்கிறார்கள். ஸ்வாட் என்பது அங்குள்ள போலீஸின் சிறப்பு ஆயுதப் படை. விச்சிட்டாவில் அந்தப் படை வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. சுட்டவர் சாதாரண ரோந்துக் காவலர்.

சட்டத்தின் கை முதலில் பாரிஸ் மீது விழுந்தது. அவர் ஏற்கெனவே ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குப் பொய் வெடிகுண்டு மிரட்டல் விடுத்துச் சிறை சென்றவர். ஃபிஞ்ச் இறந்த பிறகும், தான் துப்பாக்கியை இயக்கவில்லை, ஆகவே தான் யாரையும் கொல்லவில்லை என்ற பொருளில் ட்விட்டரில் வாதாடினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொய்த் தகவலால் மரணம் நேர்ந்தால் ஆயுள் சிறைவரை விதிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இடம் உண்டு. பல மாநிலங்களுக்கு அவர் செய்த பொய் அழைப்புகளையும் சேர்த்து 51 குற்றச்சாட்டுகளை அவர் ஒப்புக்கொண்டார். 2019 மார்ச்சில் 20 ஆண்டு சிறை. ஒஹாயோ இளைஞருக்கு 15 மாதம்.

இதில் எனக்குக் குறை இல்லை. துப்பாக்கியோடு பதறிப்போய் நிற்கும் மனிதர்களை ஒரு வீட்டு வாசலுக்கு அனுப்பிவைப்பவர், அடுத்து என்ன நடக்கலாம் என்று அறியாதவர் அல்ல. அந்தப் பயத்தை உண்டாக்கத்தானே அழைக்கிறார்.

சுட்ட காவலர் விஷயத்தில்தான் முடிச்சு விழுகிறது. 2018 ஏப்ரலில் மாவட்ட அரசு வழக்கறிஞர் மார்க் பென்னட், அவர் மீது குற்றவழக்கு இல்லை என்று அறிவித்தார். ஃபிஞ்சின் கை இடுப்புப் பக்கம் போனது, துப்பாக்கி எடுக்கிறார் என்று நினைத்தேன் என்பது காவலரின் விளக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் வகுத்த விதிப்படி, காவலரின் செயலைப் பின்னால் தெரியவந்த உண்மையை வைத்து எடைபோடக் கூடாது. அந்த நொடியில் அவருக்குத் தெரிந்ததை வைத்தே பார்க்க வேண்டும். அந்த நொடியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாரிஸ் சொன்ன பொய்தான். ஃபிஞ்சைக் கொல்லக் காரணமான அதே பொய், காவலருக்குக் கவசமாகவும் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் நாம் தடுமாறக் கூடாது. பழி என்பது ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறைந்துபோகும் சொத்துப் பங்கு அல்ல. பாரிஸின் குற்றம் முழுமையானது. அதனாலேயே காவலரின் தவறு சிறியதாகிவிடாது. அங்கே நின்ற மற்ற போலீஸாரும் அதே தகவலை நம்பித்தான் வந்திருந்தார்கள், அவர்கள் சுடவில்லை. கதவைத் திறந்தவர் கொலைகாரரா, பிணைக்கைதியா என்று அறிய எந்த வழியும் இருக்கவில்லை. அழைத்தவர் சொன்னது ஒற்றை மாடி வீடு. அங்கே இருந்ததோ இரண்டு மாடி வீடு. அவசர எண்ணான 911-க்கு நேராக வராமல் நகராட்சி அலுவலக எண் வழியாக அழைப்பு வந்ததும் ஒரு தடயம். 911-ஐ அழுத்தினால் அவரவர் இருக்கும் ஊரின் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். வெளியூரிலிருந்து பொய் சொல்பவர்கள் இப்படிச் சுற்றுவழியில்தான் நுழைய வேண்டியிருக்கிறது. போலீஸ் வீட்டைச் சூழ்ந்த பிறகும் பாரிஸ் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார். வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார், போனில் 'கொலைகாரர்' பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டையும் பொருத்திப் பார்க்க ஒருவரும் இல்லை.

குடும்பம் தொடுத்த உரிமையியல் வழக்கில், காவலருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயுதமற்ற, மிரட்டாத ஒருவரை அவர் சுட்டார் என்று ஜூரி முடிவுசெய்ய இடமிருக்கிறது என்பது அதன் கருத்து. வழக்கு ஜூரி முன் போகவில்லை. 2023-இல் விச்சிட்டா நகரம் 50 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்து முடித்துக்கொண்டது.

போலீஸ் சுடாமலே உயிர் போன சம்பவமும் உண்டு. 2020-இல் டென்னசி மாநிலத்தில், தம் ட்விட்டர் பெயரை விட்டுக்கொடுக்க மறுத்த 60 வயது முதியவர் வீட்டுக்கு இதே பாணியில் போலீஸை வரவழைத்தார்கள். துப்பாக்கிகளைக் கண்ட அதிர்ச்சியில் அவர் மாரடைப்பால் இறந்தார். அங்கே பழி முழுக்கச் சதிகாரர்களுடையது. ஆனால் பிடிபட்ட இளைஞருக்கு 2021-இல் கிடைத்தது 5 ஆண்டு. உடந்தையாக இருந்த இன்னொருவர் பிரிட்டனில் இருந்த சிறுவர்.

கான்சஸ் 2018-இலேயே ஃபிஞ்ச் பெயரில் சட்டம் இயற்றியது. பொய் அழைப்பால் மரணம் நேர்ந்தால் 10 முதல் 41 ஆண்டுவரை சிறை. அழைப்பவர்களை அது எவ்வளவு தடுத்திருக்கிறது என்பதைப் பின்னால் நடந்தவையே காட்டுகின்றன: நாடு முழுவதும் 375-க்கும் மேற்பட்ட பொய் அழைப்புகளைச் செய்த கலிஃபோர்னியாவின் 18 வயது இளைஞருக்கு 2025-இல் 4 ஆண்டு சிறை விதித்தார்கள். அவர் இதைக் கட்டணத் தொழிலாகவே நடத்தியவர்.

சியாட்டில் போலீஸ் 2018-இல் வேறு வழியைத் தொடங்கியது. இப்படிக் குறிவைக்கப்படலாம் என்று அஞ்சுபவர்கள் தங்கள் முகவரியை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். அந்த முகவரிக்கு அழைப்பு வந்தால், அது பொய்யாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை கிளம்பும் காவலருக்குப் போய்ச் சேரும். போலீஸ் போகாமல் இருக்காது; சந்தேகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். பதிந்து வைக்காத, விளையாட்டே ஆடாத ஒருவரின் வாசலில் நிற்கும்போதும் அந்தச் சந்தேகம் காவலருக்கு வர வேண்டும். அதற்குப் பயிற்சி தர வேண்டியது காவல் துறை. தராவிட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அதுவே.