பலேர்மோவில் ஏழு நாட்கள்



இத்தாலி என்றவுடன் ரோம் நகரமும், வெனிஸின் ஓடங்களும், சாய்ந்து நிற்கும் பைஸா கோபுரமுமே நம் கண்முன் வருகின்றன. ஆனால் அந்நாட்டின் தெற்கே, ஸிஸிலித் தீவில், பலேர்மோ என்றொரு நகரம் உண்டு. அதன் தெருப் பெயர்களிலும் அடுப்படிகளிலும் நமக்குப் பழக்கமான வாசனை வீசும். நம் நாட்டவர் பலர் தொழிலுக்காகக் குடியேறியிருக்கும் ஊரும் அதுவே. கடைத்தெருவில் உங்கள் முதுகுக்குப் பின்னால் தமிழ்ப் பேச்சுக் கேட்டால் திடுக்கிட வேண்டாம்!

ஹிஜ்ரி 580 ரமழானில், அதாவது 1184 டிசம்பரில், ஒரு பயணி இங்கே ஏழு நாட்கள் தங்கினார். ஹஜ்ஜை முடித்து ஸ்பெயினுக்குத் திரும்பும் வழியில், கப்பல் உடைந்து ஸிஸிலியில் கரையேறிய இப்னு ஜுபைர்தான் அவர். கண்டதையெல்லாம் எழுதி வைத்தார். உங்களுக்கும் ஒரு வாரம் வாய்த்தால் அவரையே வழித்துணையாகக் கொள்ளுங்கள். மஹ்ரம் இல்லாத பயணம் பற்றி உலமாக்கள் கூறுவதை வீட்டாரோடு பேசித் தீர்மானித்துக் கொள்ளுங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும், அவர்கள் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் நீங்கள் தனியேதான்!

அரசரின் கூரை

முதலில் கொஞ்சம் சரித்திரம். 827ஆம் ஆண்டு கைரவானின் காழி அஸத் இப்னுல் புராத் தலைமையில் முஸ்லிம் படை ஸிஸிலியில் இறங்கியது. 831இல் பலேர்மோ அவர்கள் வசமானது. 1072இல் வடக்கிலிருந்து வந்த நோர்மன்கள் அதைக் கைப்பற்றினர். இடைப்பட்ட 241 ஆண்டுகளின் தடயங்களைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

முதல் நாள் பழைய நகரின் நடுத்தெருவில் நடந்து செல்லுங்கள். ஊரார் அதைக் கஸ்ஸரோ என்பர். ‘அல்கஸ்ர்’, அதாவது கோட்டை என்ற அரபுச் சொல்லே அது. தெருவின் மேல்கோடியில் அரச மாளிகை. அதற்குள் இரண்டாம் ரோஜர் மன்னர் கட்டி, 1140இல் திறக்கப்பட்ட தேவாலயம். சுவரெங்கும் பொன்னிறச் சித்திரங்கள். நீங்களோ அண்ணாந்து மரக்கூரையைப் பாருங்கள். தேன்கூடு போன்ற முகர்னஸ் வேலை, கூஃபி எழுத்துகள்! கிறிஸ்தவ அரசரின் வணக்கத்தலத்துக்கு முஸ்லிம் கைவினைஞரின் கலை மரபு கூரையிட்டிருக்கிறது. இதே மன்னருக்காக அல்இத்ரீஸீ உலக வரைபடத்தோடு கூடிய தமது பெருநூலை 1154இல் முடித்துக் கொடுத்தார்.

முகத்திரையணிந்த பெண்கள்

இரண்டாம் நாள் மார்த்தொரானா தேவாலயம். இப்னு ஜுபைர் இதை நத்தார் பெருநாளன்று பார்த்தார். கட்டடத்தை விட அவரை வியக்க வைத்தவர்கள் அங்கு வந்த கிறிஸ்தவப் பெண்களே. முஸ்லிம் பெண்களைப் போலவே உடுத்தி, பொன்னிழைப் பட்டணிந்து, வண்ண முகத்திரையிட்டு, விரல்களில் மருதோன்றியும் நறுமணமுமாக வந்தார்களாம். இன்று அதே வாசலில் முக்காட்டோடு நிற்கும் உங்களைச் சிலர் புதினமாகப் பார்க்கக்கூடும். அப்போது இந்தச் செய்தியை நினைத்துச் சிரித்துக் கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் பெரிய தேவாலயம். ஜும்ஆப் பள்ளி இருந்த இடம் அது. தெற்கு வாசல் மண்டபத்தின் இடப்புறத் தூணை நெருங்கிப் பாருங்கள். ஸூரத்துல் அஃராபின் ஒரு வசனம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும்.

நான்காம் நாள் ஸீஸா மாளிகை. ‘அல்அஸீஸா’தான் ஸீஸாவாகத் தேய்ந்தது. மண்டபத்தின் நடுவே நீர் ஓடும்படி வாய்க்கால் அமைத்து வெயிலைத் தணித்திருக்கிறார்கள். அங்குள்ள ஒரு சிறு கல்லைத் தவறவிடாதீர்கள். கிரிஸாந்துஸ் என்ற பாதிரியார் தம் தாய் அன்னாவுக்காக 1149இல் செய்வித்த நினைவுக்கல் அது. லத்தீன், கிரேக்கம், அரபு, ஹீப்ரு என நான்கு எழுத்துகளில் ஒரு மகனின் துயரம் பதிந்திருக்கிறது. அண்டை அயலில் வாழ்ந்த எல்லாரும் தன் தாயின் பெயரை வாசிக்க வேண்டும் என்று அந்த மகன் எண்ணியிருக்க வேண்டும்.

பசித்தால் என்ன செய்வது?

ஐந்தாம் நாளைச் சாப்பாட்டுக்கென்றே ஒதுக்குங்கள். காலையிலேயே பல்லரோ சந்தைக்குப் போங்கள். வியாபாரிகள் கூவும் சத்தமும், மீனும், கத்தரிக்காயும், தோடம்பழமும் நம்மூர்ச் சந்தையை நினைவூட்டும். எலுமிச்சை, புளித்தோடை, கரும்பு ஆகியவை இத்தீவில் பரவியது முஸ்லிம்களின் காலத்தில்தான். தோடம்பூவுக்கு இங்கே ‘ஸாகரா’ என்று பெயர். பூவைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘ஸஹ்ர்’ இதன் மூலம். பலேர்மோவுக்கு அருகிலுள்ள த்ராபியா என்ற ஊரில் ‘இத்ரிய்யா’ எனும் உலர்ந்த மாவிழைகளைச் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தார்கள் என்று அல்இத்ரீஸீ எழுதியிருக்கிறார். இன்றைய பாஸ்தாவின் மூதாதை அது!

கடலை மாவைக் காய்ச்சி, ஆறவைத்து, மெல்லியதாக வெட்டிப் பொரித்தால் ‘பனெல்லே’. எள்ளுத் தூவிய பணிஸுக்குள் வைத்துத் தருவார்கள். ‘கப்பொனாத்தா’வை ஒரு வாய் வைத்தவுடன் நம் கத்தரிக்காய் மோஜுவின் நினைவு வரும். பொரித்த கத்தரிக்காயோடு வினாகிரியும் சீனியும் சேர்வதே காரணம். சாளை மீன், காட்டுப் பெருஞ்சீரகம், முந்திரிகை வற்றல், குங்குமப்பூ சேர்த்த பாஸ்தாவில் இறைச்சி கிடையாது.

ஆனால் கவனம் தேவை. ‘கன்னோலி’ என்ற இனிப்பின் மொறுமொறுப்பான ஓட்டுக்கு வழமையாகப் பன்றிக்கொழுப்பும் மதுவும் சேர்ப்பார்கள். ‘அரான்சினா’ எனும் சோற்றுருண்டையின் ஒரு வகையில் பன்றியிறைச்சி இருக்கும். மண்ணீரல் வைத்த பாணைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள். பனெல்லே கடையிலும் அதே எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

நான்கு சொற்களைப் பாடமாக்கிக் கொண்டால் போதும். ‘மையாலே’ என்றால் பன்றியிறைச்சி. ‘ஸ்த்ருத்தோ’ பன்றிக்கொழுப்பு. ‘வீனோ’ மது. ‘ஸென்ஸா’ என்றால் இல்லாமல். “ஸென்ஸா ஸ்த்ருத்தோ?” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? சந்தேகமானால் பழமும், எலுமிச்சைச் சாற்றை உறையவைத்துச் செய்யும் ‘க்ரனீத்தா’வும் போதும். பழைய நகரிலேயே, முன்பு தேவாலயமாக இருந்து இன்று பள்ளிவாசலாக விளங்கும் கட்டடம் ஒன்றும் உண்டு.

ஆறாம் நாள் பஸ்ஸில் மொன்ரெயாலேக்குப் போய் மலைமேலிருந்து நகரத்தைப் பார்த்து வாருங்கள். அன்றிரவு நேரத்தோடு படுத்து விடுங்கள். மறுநாள் தூரப் பயணம்.

ஏழாம் நாள்: த்ராபனி

பலேர்மோவிலிருந்து இப்னு ஜுபைர் மேற்குக் கரையிலுள்ள த்ராபனிக்குச் சென்றார். நீங்களும் போங்கள். மீன் ஆணத்தோடு ‘குஸ்குஸு’ தருவார்கள். வட ஆபிரிக்காவின் குஸ்குஸ்தான் அது.

சாப்பிட்டு முடித்துக் கடலோரம் அமர்ந்து, இப்னு ஜுபைர் அங்கே எழுதியதை நினைத்துப் பாருங்கள். அவர் வந்தபோது ஆண்ட இரண்டாம் வில்லியம் மன்னர் அரபு எழுதப் படிக்கத் தெரிந்தவர். முஸ்லிம்களுக்குப் பள்ளிகளும் காழியும் இருந்தனர். ஆனால் ஜும்ஆக் குத்பா தடுக்கப்பட்டிருந்தது. தம் பிள்ளைகளின் ஈமான் என்னவாகுமோ என்ற அச்சம் வீடு வீடாகப் பரவியிருந்தது. த்ராபனியில் ஒரு தந்தை, ஹாஜிகளுள் ஒருவரிடம் தம் மகனை அனுப்பினார். ‘என் இளம் மகளை ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்களே மணந்து கொள்ளுங்கள், அல்லது உங்கள் ஊரில் தகுந்த ஒருவருக்கு மணமுடித்துக் கொடுங்கள்’ என்பதே செய்தி. தாயில்லாப் பிள்ளை அவள். இரு சகோதரர்களும் ஒரு சிறு தங்கையும் இருந்தனர். மகளிடம் சம்மதம் கேட்டபோது, ‘என்னைத் தடுத்து வைத்தால் நீங்களே பொறுப்பாளி’ என்ற கருத்தில் அவள் பதில் சொன்னாளாம். அந்தப் பொறுப்பு ஏற்கப்பட்டது.

அவர்களின் அச்சம் பொய்யாகவில்லை. 1220களிலிருந்து இரண்டாம் பிரெடரிக் மன்னர் ஸிஸிலி முஸ்லிம்களை இத்தாலியப் பெருநிலத்திலுள்ள லூசேராவுக்குப் பெயர்த்து அனுப்பினார். 1300இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது. கூரையை விரும்பியவர்கள், அதை அமைத்த கைகளுக்குரிய மக்களைக் காப்பாற்றவில்லை. ஊரை விட்டுப் போகும்படி சொல்லப்பட்டவர்களின் வேதனையை நம்மில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கைப்பையில் ஊர் திரும்பும் டிக்கட் இருக்கும். வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்போர் இருப்பார்கள். அந்தப் பெண்பிள்ளைக்கு அவ்விரண்டும் இல்லை. அவளுடைய பெயரும் நமக்குத் தெரியாது. த்ராபனிக் கடற்கரையை விட்டு எழுந்திருக்குமுன், அந்தச் சகோதரிக்காக ஒரு துஆச் செய்துவிட்டு வாருங்கள்.