பேருரைகள் லோத்குண்டாவுக்கும் வரட்டும்

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் ராஜீவ் ரஹதாரியில், திருமலகிரியைத் தாண்டியதும் லோத்குண்டா. இந்த வழித்தடத்தில் சாமீர்பேட்டை வரை உயர்மட்டச் சாலை அமைக்க 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் தெலங்கானா அரசு வீடு வீடாகச் சாதிவாரிக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. 2023இல் குளிர்கூரைக் கொள்கையும், அவ்வாண்டு டிசம்பரில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் வந்திருந்தன. பொருளாதாரம், அரசியல், காலநிலை, சமூகக் கொள்கை என்று பல்கலைக்கழகங்கள் துறை பிரித்துப் பேசுகிற நான்கும் இப்படிப்பட்ட ஒரு பகுதியின் அன்றாட வாழ்வில் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அவற்றை விளக்கும் அறிஞர்களின் உரைகளோ பெரும்பாலும் வளாகங்களுக்குள், ஆங்கிலத்தில் நடந்து முடிந்துவிடுகின்றன. அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று அச்சிட்டால் மட்டும் அது பொது உரை ஆகிவிடாது. கொள்கையின் விளைவைச் சுமப்பவர்கள் எழுந்து கேள்வி கேட்கக்கூடிய இடத்தில், அவர்களுக்குப் புரிகிற மொழியில் நடந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

குளிர்கூரைக் கொள்கையையே எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ ஓடோ பதித்தால் வீட்டுக்குள் வெப்பம் குறையும், மின்செலவும் மிச்சமாகும் என்பது அதன் அடிப்படை. அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். குடியிருப்புகளில் 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குக் கட்டாயம். அதற்குக் குறைந்தால் அவரவர் விருப்பம். புதுக் கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது சரிபார்க்க இது வசதியான விதி. ஆனால் மே மாதத்தில் அதிகம் வேகிறவர்கள் சிறு மனையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வாடகைக்கு இருப்பவர்கள். பூச்சுச் செலவு வீட்டுக்காரருடையதா, குடியிருப்பவருடையதா? பூசிய பிறகு வாடகை ஏறினால் யார் பொறுப்பு? ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியோடு வேலை செய்பவருக்கு இக்கேள்விகள் எளிதில் தோன்றா. அந்தக் கூரையின் கீழ் வாழ்பவருக்கு முதலில் தோன்றுவதே இவைதான்.

அறிஞர்கள் மக்களிடமே போய் உரையாற்றுவதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873இல் ஊர் ஊராகப் போய் உரை நிகழ்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ராச்டேல் நகரக் கூட்டுறவுச் சங்கத் தொழிலாளர்களிடம் அவர் பேசியபோது, சுவரில் மாட்டிய படங்களை அடுத்த உரை வரை கழற்றாமல் விட்டுவைத்தார். இடைப்பட்ட நாட்களில் தொழிலாளர்கள் அவற்றின் முன் நின்று விவாதித்தார்கள். உரையோடு கலந்துரையாடல் வகுப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற முறை அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தது. நம் நாட்டில், 1939 ஜனவரி 29 அன்று புனேயின் கோகலே அரசியல் பொருளாதார நிறுவனத்தில் அம்பேத்கர் காலே நினைவுப் பேருரை ஆற்றினார். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் முன்வைத்த கூட்டாட்சித் திட்டத்தை அலசிய அந்த உரை நூலாகவும் வெளிவந்தது. ஹைதராபாத் போன்ற சமஸ்தானங்களின் மக்கள் எந்த ஆட்சியின் கீழ் வாழ்வார்கள் என்பதும் அதில் அடங்கிய கேள்விதான்.

நுட்பமான பொருளியலை வட்டார மொழியில் சொல்ல முடியாது என்று ஒரு தரப்பு சொல்லும். ஹைதராபாத்தின் வரலாறே அதற்கு மறுப்பு. 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவில் கற்பித்தது. அதற்கென 1917இலேயே மொழிபெயர்ப்பகம் அமைத்துக் கலைச்சொற்களை உருவாக்கினார்கள். யூடியூபில் எல்லாம் கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். காணொளி கருத்தைக் கொண்டுசேர்க்கும். ஆனால் பேசியவர் கேட்பவருக்குப் பதில் சொல்லக் கட்டுப்பட்டவராக இருக்க மாட்டார். பல்கலைக்கழகம் கட்சி மேடை ஆகிவிடாதா என்ற அச்சம் மட்டும் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. தரவுகளை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுப்பதும், மாறுபட்ட கருத்துடைய இன்னோர் ஆய்வாளரை அதே மேடையில் அமர்த்துவதும் அதற்குக் காப்பு. அச்சத்தால் பேசாமல் இருந்துவிட்டால் சாதிக் கணக்கெடுப்பு போன்ற பொருளில் வதந்திதான் ஆசிரியராகும்.

இப்படி உரை நடத்தப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அரசுப் பள்ளிக் கூடம் போதும். தெலுங்கிலும் உருதுவிலும், தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் கண்டோன்மென்ட் பகுதியில் தமிழிலும் ஒரு பக்கச் சுருக்கம் தரலாம். உரைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் கேள்விக்கும் ஒதுக்க வேண்டும். மேடையில் பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் குறித்துக்கொண்டு, அடுத்த உரைக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகமும் உஸ்மானியாவும் மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. அந்தப் பணத்தில் விளைந்த அறிவுக்கு மக்கள் முன் கணக்குக் காட்டுவது அவற்றின் கடமை. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.