லயத்துக் குழந்தையும் பல்கலைக்கழகமும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இறப்பர்ப் பால் வெட்டியும் கொழுந்து கிள்ளியும் வாழ்ந்த நம்மவரை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தலையெண்ணிப் பங்கிட்டது. 1977, 1981 வன்செயல்களில் இரத்தினபுரித் தோட்டத்தவர் பலர் வன்னிக்கு ஓடினர். உயிரைக் காக்க ஓடியவர் பிள்ளையின் புத்தகத்தையா தேடியிருப்பர்?

எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. அதற்கு முன்னரே, 1995இல், பெலிகுல்லோயாவில் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் தோன்றிவிட்டது. வீட்டருகே பல்கலைக்கழகம்! ஆயினும் அதன் வாயிலை அடைவது எளிதோ?

தோட்டப் பாடசாலைகள் பல ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. மேற்படிப்புக்குத் தொலைவிலுள்ள தமிழ்ப் பாடசாலையை நாட வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ தமிழில் கற்க விரும்பும் பிள்ளைக்கு அலைச்சல் இன்னும் மிகுதி.

அதையும் கடந்து பரீட்சை எழுதினால் அனுமதிக் கணக்கு வருகிறது. கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கட்டொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பின்தங்கிய பட்டியலில் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. எட்டியாந்தோட்டை லயத்துக் குழந்தை இதைக் கேட்டால் சிரிக்கவே செய்யும். இரத்தினபுரியிலும் நகரத்துப் பெரிய பாடசாலை மாணவனும் லயத்து மாணவியும் ஒரே தராசில்தான் நிற்கிறார்கள். மாவட்டத்தை அளக்கிறார்கள், தோட்டத்தை அளப்பாரில்லை. அனுமதிக் கணக்கில் தோட்டத்துக்கெனத் தனி நிரலொன்று வேண்டுமென்றே நாம் கேட்கிறோம்.