இரத்தம் ஏற்றுமுன் தம்பதியர் அறிய வேண்டியவை



பிரசவத்தில் இரத்தம் அதிகமாகப் போய்விட்டால், தாயின் உயிரைக் காக்க வேறொருவர் இரத்தத்தை ஏற்ற வேண்டி வரும். ஆனால் இரத்தம் டானிக் அல்ல. "உடம்பு அசதியா இருக்கு, ஒரு பாட்டில் ரத்தம் ஏத்துங்க டாக்டர்" என்று கேட்டு வாங்கும் பொருளும் அல்ல. அது உயிர்காக்கும் மருந்து. எல்லா மருந்தையும் போல அதிலும் ஆபத்து உண்டு.

பிரிவு சேர வேண்டும்

மனித இரத்தம் எல்லாம் ஒன்றல்ல என்று வியன்னா மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-ல் எடுத்துக்காட்டினார். ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கு பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஆர்.எச். பாசிடிவ், நெகடிவ் என இரு வகை. சேராத இரத்தம் ஏறினால் அதன் அணுக்கள் உடைந்து சிறுநீரகம் கெடும், உயிரே போகலாம். அதனால்தான் நர்ஸ் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். சலித்துக் கொள்ளாமல் சொல்லுங்கள்.

கணவன் இரத்தம் கொடுக்கலாமா?

"கட்டினவன் நான் இருக்கேன், என் ரத்தத்தையே எடுத்துக்குங்க" என்பார்கள் சில கணவர்கள். நல்ல மனசுதான். ஆனால் இனியும் பிள்ளை பெறக்கூடிய மனைவிக்குக் கணவன் இரத்தத்தை ஏற்றாமல் இருப்பதே நல்லது. பிரிவு ஒன்றாக இருந்தாலும், அவர் இரத்தத்திலுள்ள வேறு கூறுகளை எதிர்க்கும் பொருள் மனைவியின் உடம்பில் உண்டாகலாம். தகப்பனிடமிருந்து அதே கூறுகள் அடுத்த குழந்தைக்கு வந்தால், வயிற்றிலேயே அக்குழந்தை பாதிக்கப்படும். கணவர் இரத்த வங்கியில் தானம் செய்யட்டும். அது வேறொரு உயிரைக் காக்கும்.

நோய் தொற்றுமா?

இரத்த வங்கியில் எச்.ஐ.வி., பி மற்றும் சி வகை மஞ்சள் காமாலை, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதித்த பிறகே இரத்தம் தருகிறார்கள். ஆபத்து மிகக் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. காசுக்கு இரத்தம் கொடுப்பது நம் நாட்டில் 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுள்ளது. புரோக்கர்களை நம்பாதீர்கள்.

ஏற்றும்போது கவனியுங்கள்

முதல் 15 நிமிடம் மிக முக்கியம். துணைக்கு இருப்பவர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

1. குளிர் நடுக்கம், காய்ச்சல்
2. அரிப்பு, தோலில் தடிப்பு
3. இடுப்புவலி, நெஞ்சுவலி, சிவந்த சிறுநீர்
4. மூச்சுத் திணறல், இருமல்

இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். "ஃபேன் காத்துதான், ஒண்ணுமில்லே" என்று போர்த்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். நர்ஸ் உடனே இரத்தத்தை நிறுத்துவார்.

மூச்சுத் திணறலை எளிதாக எண்ணாதீர்கள். கடும் சோகையால் இதயம் தளர்ந்த கர்ப்பிணிக்கு வேகமாக ஏற்றினால், நுரையீரலில் நீர் கோத்துக் கொள்ளும். அபூர்வமாக, நல்ல இதயம் உள்ளவர்களுக்கும் ஏற்றி முடித்த 6 மணி நேரத்துக்குள் இப்படி நேரலாம். ஆகவே "சீக்கிரம் ஏத்துங்க, கடைசி பஸ் போயிடும்" என்று அவசரப்படுத்த வேண்டாம்.

வருமுன் காப்போம்

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. 7-க்குக் கீழே போனால் அது கடும் சோகை. அப்படிப்பட்ட தாய்க்குப் பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலும் ஆபத்து.

நாலாவது மாதம் முதல் தினம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை, 180 நாள் சாப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். டீ, காப்பியோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு சேர்த்துக் கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கும் அடுத்ததற்கும் மூன்று வருடமாவது இடைவெளி இருக்கட்டும்.

மனைவி மாத்திரை சாப்பிட்டாளா என்று தினமும் கேட்பது கணவன் பொறுப்பு. இரத்தம் தேடி அலைவதைவிட அது எளிது!