ஊசி வலியும் ஒரு கதவும்

இருட்டில் நடக்கும்போது கால் கட்டைவிரலைக் கட்டிலில் இடித்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி. அது அடங்குமுன் மெல்ல எழுந்து வருகிறது இன்னொரு வலி. இது வெகுநேரம் 'விண் விண்' என்று தெறிக்கும். இடி ஒன்று, வலி இரண்டு! காரணம் என்ன?

வலிச் செய்தியைச் சுமந்து செல்லும் நரம்பிழைகள் இரு வகைப்படும். ஒரு வகை, கொழுப்பு மிகுந்த மெல்லிய உறை போர்த்தது. அதில் செய்தி வினாடிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மற்ற வகைக்கு உறையே இல்லை. வேகமும் வினாடிக்குச் சுமார் 1 மீட்டர்தான், நாம் நடக்கும் வேகம்! கால் விரலுக்கும் முதுகுத்தண்டுக்கும் இடையே ஒரு மீட்டர் தூரம் என்று கொண்டு, இரண்டாவது வலி எவ்வளவு பிந்தி வரும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இடித்த விரலை உங்கள் கை தானாகவே தேய்க்கிறதல்லவா? அதிலும் பொருள் இருக்கிறது. தொடுவுணர்ச்சியைக் கொண்டு செல்லும் இழைகள் பருமனானவை. அவற்றில் வேகம் வினாடிக்கு 35 முதல் 75 மீட்டர். ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் 1965ஆம் ஆண்டு ஒரு கருத்தை வெளியிட்டார்கள். முதுகுத்தண்டில் ஒரு கதவு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடுசெய்திகள் திரண்டு வரும்போது அக்கதவு ஓரளவு மூடிக்கொள்கிறது. மேலே செல்லும் வலிச் செய்தி குறைகிறது. மூளையும் மேலிருந்து ஆணையிட்டு அதை மூடலாம், திறக்கலாம். அவர்கள் வரைந்து காட்டிய நரம்பு இணைப்புகள் பிற்காலத்தில் திருத்தப்பட்டன. ஆனால் வழியிலேயே வலி கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

இப்போது ஊசிக்கு வருவோம். தடுப்பூசி போடும் ஊசியின் பருமன் அரை மில்லிமீட்டர் அளவே. அது தோலைத் தொடுமுன்பே குழந்தை அலறுகிறதே, ஏன்? அச்சம் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டது. அந்த அச்சத்தை ஊட்டியது யார்? "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் நாம்தான். பிறகு மருத்துவமனை வாசலில் "ஊசியே போடமாட்டார்" என்று ஒரு பொய்! அடுத்த முறை குழந்தை அந்தத் தெருவைக் கண்டதுமே அழும். இந்தப் பயம் பெரியவரான பின்பும் விடாமல், தேவையான சிகிச்சையையே தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதற்கென்றே பரிந்துரைகள் வெளியிட்டது. கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுக்கலாம். ஒரே நாளில் பல ஊசிகள் என்றால் மிகுதியாக வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். டாக்டர் சொன்னால் தோலை மரக்கச் செய்யும் களிம்பும் தடவலாம். அதிலுள்ள லிடோகேயின், சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் நுழையும் துளைகளை அடைத்துவிடுகிறது. செய்தி புறப்படுவதே இல்லை. ஆனால் மருந்து தோலைக் கடந்து உள்ளே இறங்க ஒரு மணி நேரம் போல் ஆகும்.

தம்பி, தங்கைக்குத் துணையாக நீங்கள் போகிறீர்களா? படுக்கவைத்து அமுக்கிப் பிடிக்காதீர்கள். மடியில் நிமிர்ந்து உட்காரட்டும். "சுருக்கென்று இருக்கும், என் கையைப் பிடித்துக்கொள்" என்று உண்மையைச் சொல்லுங்கள். குத்தும் இடத்துக்குச் சற்று மேலே தடவிக்கொடுங்கள். ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். கவனமும் திரும்பும், மூச்சும் நீளும்.

உங்களுக்கும் பத்து, பதினாறு வயதுகளில் தடுப்பூசி உண்டு. வரிசையில் நிற்கும்போதே மயக்கம் வரும்போல் இருந்தால், உட்கார்ந்து கால் தசைகளை இறுக்குங்கள். சிரைகள் அழுந்தி இரத்தம் மேலேறும், இரத்த அழுத்தம் சரியாமல் நிற்கும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விடுங்கள்; இறுகிய தசையில் குத்தினால் வலி கூடும்.