பிடிபட்ட மறுநாள்

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் போலீஸாரிடம் அகப்பட்டு, நீட்டிய கருவியில் ஊதி, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்த மனிதனுக்கு, விடியுமுன்பே விழிப்புத் தட்டிவிடுகிறது. நெஞ்சு படபடக்க, கை நடுங்க, மனைவி மக்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவன் மறுகுகிறான். அந்த வேதனையில் ஒரு பகுதி மனச்சாட்சியைச் சேர்ந்தது. மற்றொரு பகுதி சுத்த ரசாயனம்.

மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் திரவியத்தின் செயலை மது மிகுவித்து, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. அதற்கு ஈடுகட்ட மூளை எதிர்த்திசையில் தன்னை மாற்றிக்கொள்ள, மது வடிந்தபின் அந்த மாறுதல் மட்டும் எஞ்சி நிற்பதால், உள்ள பயம் பன்மடங்காகத் தோன்றுகிறது. இன்னொரு கிளாஸ் குடித்தால் சற்றே அடங்குவதும், பிறகு முன்னிலும் மூர்க்கமாகத் திரும்புவதும் இதனாலேதான். ஆகவே, அவமானத்தை மறக்கக் குடிப்பது அந்த அவமானத்துக்கே தீனி போடுவதாகும்.

காலையிலேயே போய் வண்டியை எடுத்து ஓட்டி வந்துவிடலாம் என்று நினைப்பதும் ஆபத்து. ரத்தத்திலுள்ள ஆல்கஹால் ஏறக்குறைய ஒரே சீரான வேகத்தில் குறைகிறது என்பதை ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி எரிக் விட்மார்க் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆராய்ந்து கூறினார். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்பது பொதுவான கணக்கு. நள்ளிரவில் 180 மில்லிகிராம் இருந்தால் காலை எட்டு மணிக்கும் 60 இருக்கும். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லையோ 30. கல்லீரலின் இந்த வேகத்தைக் காபியும் மோரும் குளிர்ந்த நீர் ஸ்நானமும் கூட்டிவிட முடியாது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்றிருக்க, மறுநாளே இன்னொரு வழக்கைத் தேடிக்கொள்வானேன்?

“நான் செய்தது தவறு” என்று வருந்துகிறவனையும், “நானே கெட்டவன்” என்று குமைகிறவனையும் மனோதத்துவ அறிஞர்கள் வேறுபடுத்துகிறார்கள். முன்னவன் பரிகாரம் தேடுவான், பின்னவன் பெரும்பாலும் ஒளிந்துகொள்வான், அல்லது பிறர்மேல் பழி போடுவான். ஓயாமல் ஏசும் குடும்பத்தார் இரண்டாவது வழியிலேயே அவனைத் தள்ளுகிறார்கள் என்பது என் துணிபு. வாய்தா தேதியன்று கூடப் போவதும், இரவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுமே மெய்யான உதவி.

குடி எவ்வளவு தூரம் வேரூன்றிவிட்டது என்று கணிக்க, உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த பத்துக் கேள்விகள் உள்ளன. டாக்டரிடம் அவற்றுக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்லலாம். ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் வைராக்கியத்தோடு திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதன்பின் உயிருக்கே உலை வைக்கும் சித்தப்பிரமையும் வரக்கூடுமாதலால், அத்தகையவர் வைத்தியரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.