மலையேறாத வக்கீல்

'ஜெய் பீம்' நீதிபதி என்று அட்டையில் போட்டால் இதழ் விற்கும். விற்கட்டும். ஆனால் படத்தில் நாம் கைதட்டியது வக்கீல் சந்துருவுக்கு. 1993 மார்ச்சில் முதனை கிராமத்து ராசாக்கண்ணுவைப் போலீஸ் கொண்டுபோனபோது, முதனையும் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். கணவனைக் காணோம் என்று வந்த பெண்ணுக்காக ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றப் படியேறினார் கே.சந்துரு. குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2006 ஆயிற்று. அவர் நீதிபதியானதும் அதே ஆண்டில்தான்.

அதன்பின் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். 'மை லார்ட்' வேண்டாம் என்றார், முன்னால் செங்கோல் பிடித்து நடக்கும் டவாலி வேண்டாம் என்றார். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மன் கோயிலில் பெண் பூசாரி பூசை செய்யலாம் என்று தீர்ப்பெழுதினார். தொண்ணூறாயிரத்துக்கு மேல் வழக்குகளை முடித்துவிட்டு, 2013 மார்ச்சில் ஓய்வுபெற்ற அன்றே காரை ஒப்படைத்து மின்சார ரயில் ஏறினார். அந்த ரயிலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கென்னவோ, வக்கீலாக இருந்த வருடங்கள்தான் கல்வராயனுக்கு வேண்டிய பாடமாகப் படுகிறது.

1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. மலையாளிப் பழங்குடிகள் அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் வெட்டிவேலை செய்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோது, சாராயம் காய்ச்சும் இடம் என்று எல்லோர் விரலும் மலையை நோக்கி நீண்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையையே வழக்காக எடுத்து, ரோடு எங்கே, ரேஷன் கார்டு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டது. நல்ல கேள்விகள். கோர்ட் நிர்வாகத்தில் தலையிடலாமா என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. அது தனிச் சர்ச்சை. என் கவலை வேறு. இத்தனை குறையிருந்தும், அறுபது பிணம் விழும்வரை அந்தக் கேள்விகள் ஏன் கோர்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை?

அடுத்த மலைத்தொடரான சித்தேரியின் அடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தியும் மலையாளி மக்கள் ஊர்தான். 1992 ஜூனில் அரசு அதிகாரிகள் அங்கே நடத்திய கொடுமைக்கு 2011 செப்டம்பரில் 215 பேர் தண்டனை பெற்றார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் அத்தனை வருடமும் கூடவே நின்றது. வாய்தாவுக்கு வாய்தா சாட்சிகளை அழைத்துப்போக ஆள் இருந்தது. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் பட்டாவுக்கு அலைகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு காகிதத்துக்காக விடியற்காலை பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, ஆபீசில் 'நாளைக்கு வா' என்று கேட்டுவிட்டு மலையேறினால் அன்றைய கூலி போச்சு. மறுநாள் வருவாரா? சென்னை கோர்ட் இன்னும் 250 கிலோமீட்டர்.

சந்துருக்கள் எப்போதாவதுதான் வருவார்கள். அவர்களை நம்பி ஒரு மலை காத்திருக்க முடியாது. பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தரவேண்டும் என்று 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. அந்த வக்கீல் கீழே கோர்ட் வளாகத்தில் இருந்தால் போதாது. வாரம் ஒருநாள், மக்கள் கூடும் நாளாகப் பார்த்து, வெள்ளிமலையில் மேசை போட்டு உட்கார்ந்து மனு எழுதித் தரட்டும். பஸ் கட்டணத்தை அவருக்குக் கொடுத்துவிடலாம்.